சொல்லிக் கொடுக்கவும் ஒரு முறை உண்டு
மூன்று தலைமுறை நிற்கும் கடைகளுக்கு ஒரு பாடம்



சரக்கை வாங்கத் தெரிய வேண்டும், வைக்கத் தெரிய வேண்டும், விற்கத் தெரிய வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். இந்த மூன்றோடு நான்காவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டிய காலம் இது. தெரிந்ததைப் பிறருக்குச் சொல்லிக் கொடுக்கவும் தெரிய வேண்டும்.

இன்று ஆர்.கே.பேட்டை கடைத்தெருவில் எந்த மளிகைக் கடைக்குப் போனாலும் பெரும்பாலும் மூன்று வயதுக்காரர்களைக் காணலாம். கல்லாவில் எழுபதை நெருங்கும் தகப்பனார். கொள்முதலும் வசூலும் பார்க்கும் நாற்பது வயது மகன். பில் போடுகிற, பொட்டலம் கட்டுகிற இருபது வயதுப் பிள்ளை. மூவரும் ஒரே கூரையின் கீழ் நின்றாலும் மூவரும் கற்றுக்கொண்ட விதம் வேறு. பெரியவர் பார்த்துப் பார்த்துப் பழகினார். மகன் படித்தும் கேட்டும் பழகினார். பேரன் கைபேசியைத் தட்டிப் பார்த்தே பழகுகிறான். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குப் போய்ச் சேராவிட்டால் கடை மூன்று துண்டாக நிற்கும்.

சரக்கில் வரும் நட்டம் கணக்கில் தெரியும். சொல்லிக் கொடுக்காததால் வரும் நட்டம் எந்தப் பேரேட்டிலும் ஏறாது. நாம் அறிந்த ஒரு கடையில் முப்பது ஆண்டுக்கு மேல் கணக்கெழுதிய கணக்குப்பிள்ளை ஒருவர் இருந்தார். கம்ப்யூட்டர் பில் வந்தபோது அவருக்கு யாரும் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கவில்லை. 'உங்களுக்கு இது வராது, விடுங்கள்' என்றார்கள். அதுவும் வாடிக்கையாளர் முன்னிலையில். அவர் சண்டை போடவில்லை. பத்து நாளில் உடம்பு சரியில்லை என்று நின்றுவிட்டார். அதன் பிறகுதான் தெரிந்தது, எந்தத் தறிக்காரர் எந்த மாதம் பாக்கியைத் தீர்ப்பார், எவருக்கு எவ்வளவுக்கு மேல் பற்று எழுதக்கூடாது என்பதெல்லாம் அவர் நெஞ்சில் மட்டுமே இருந்தது என்று. பழைய நிலுவையில் பாதி வசூலாகவில்லை. கம்ப்யூட்டர் வாங்கிய செலவைவிட அது பெரிது.

ஆகவே இந்தப் பாடம் நம் எல்லோருக்கும் தேவை.

நாணயமும் எடையும் மாறிய காலம்

பெரியவர்களுக்குப் புதியது வராது என்பவர்களுக்கு நம் தொழிலின் வரலாறே பதில் சொல்கிறது.

1957-ம் ஆண்டு ஏப்ரல் 1-ம் தேதி இந்தியாவில் தசம நாணய முறை வந்தது. அதுவரை ஒரு ரூபாய்க்கு 16 அணா, 192 தம்பிடி. அன்று முதல் ஒரு ரூபாய்க்கு 100 நயா பைசா. ஓர் அணா என்பது கணக்குப்படி ஆறேகால் பைசா. கால் பைசாவுக்கு நாணயம் கிடையாது. எனவே ஓர் அணாவுக்கு 6, மூன்று அணாவுக்கு 19, நாலணாவுக்குச் சரியாக 25 என்று மாற்று அட்டவணை வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் எடையும் மாறியது. 1956-ம் ஆண்டுச் சட்டத்தின்படி 1958 அக்டோபரில் மெட்ரிக் எடைகள் சில இடங்களில் தொடங்கி, 1962 ஏப்ரலில் நாடு முழுவதும் கட்டாயமாயின. வீசையும் பலமும் சேரும் போய், கிலோவும் கிராமும் வந்தன. ஒரு வீசை ஏறக்குறைய 1 கிலோ 400 கிராம். பலம் 35 கிராம்.

நம் பகுதிக்கு இதே காலத்தில் இன்னொரு மாற்றமும் சேர்ந்து வந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணிப் பகுதி ஆந்திராவிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது. காசு, எடை, அரசாங்க மொழி ஆகிய மூன்றும் ஐந்தே ஆண்டுக்குள் மாறிவிட்டன. நம் தந்தையரும் பாட்டனார்களும் இதை எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. கடையில் நின்றபடியே கற்றார்கள். எப்படி முடிந்தது?

முதலாவது, பழையதும் புதியதும் சில காலம் சேர்ந்தே புழங்கின. ஒரே நாளில் பழைய அணாவைப் பிடுங்கிவிடவில்லை. இரண்டாவது, மாற்று அட்டவணை கண்ணெதிரே தொங்கியது. மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, பார்த்தால் போதும். மூன்றாவது, கைக்குத் தெரிந்தது. ஐந்து பைசா சதுரம், பத்துப் பைசாவின் விளிம்பு வளைவு வளைவாக இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் தடவிப் பார்த்தே அறிந்தார். நான்காவது, பழைய பெயர் புதிய காசில் ஏறிக்கொண்டது. 25 பைசாவை நாலணா என்றும் 50 பைசாவை எட்டணா என்றும் ஐம்பது ஆண்டு அழைத்தோம். 2011 ஜூன் மாதத்தோடு 25 பைசா செல்லாமல் போகும்வரை நாலணா என்ற சொல் உயிரோடு இருந்தது.

இந்த நான்கையும் நினைவில் வையுங்கள். பழையதோடு சேர்த்துக் காட்டு, கண்ணெதிரே வை, கையில் கொடு, தெரிந்த பெயரில் சொல். இன்று நாம் கற்பிக்கும் எதற்கும் இதுவே அடிப்படை.

அறிவொளி காட்டிய வழி

1991-ம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது ஆட்சியராக இருந்தவர் திருமதி ஷீலா ராணி சுங்கத். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினரும் ஏராளமான தொண்டர்களும் இரவு நேரத்தில் கிராமங்களில் வகுப்பு நடத்தினார்கள். கற்க வந்தவர்கள் பெரும்பாலும் வயல் வேலையும் கல்லுடைக்கும் வேலையும் செய்த பெண்கள்.

அங்கே நமக்குப் பாடமாக அமைவன இரண்டு. ஒன்று, 'அ, ஆ' என்று எழுத்திலிருந்து தொடங்காமல், அவர்கள் வாழ்க்கையில் அன்றாடம் வரும் சொல்லிலிருந்து தொடங்கினார்கள். சொல்லின் பொருள் முன்பே தெரியும், எழுத்து மட்டுமே புதியது. பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரையர் காட்டிய வழி இது. இரண்டு, எழுத்தோடு சைக்கிளும் கற்றுக் கொடுத்தார்கள். சைக்கிள் ஓட்டத் தெரிந்தால் தண்ணீர்க் குடமும் பிள்ளையும் விளைபொருளும் வண்டியில் போகும், பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம். பயன் கண்ணுக்குத் தெரிந்ததும் ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றார்கள். அந்த மாவட்டத்துச் சைக்கிள் கடைகளில் பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்து, ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே பெண்கள் வாங்கிப் போனார்கள். வியாபாரிகளான நமக்கு இது சுவையான செய்தி.

வளர்ந்தவர் ஒருவர் தமக்கு உடனே பயன்படுவதை விரைந்து கற்பார். 'பின்னால் உதவும்' என்று சொன்னால் மனம் ஒட்டாது.

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்பார்கள். கேரளத்தில் ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்த கார்த்தியாயினி அம்மா 2018-ம் ஆண்டில், தம் 96-வது வயதில், எழுத்தறிவுத் தேர்வு எழுதி 100-க்கு 98 மதிப்பெண் பெற்றார். தொண்ணூற்றாறில் வளைந்திருக்கிறது. அறுபதில் கைபேசி வராதா?

கண்ணால் கற்பவர், காதால் கற்பவர் என்று உண்டா?

பயிற்சி வகுப்புகளில் சிலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். சிலர் பார்த்துக் கற்பார்கள், சிலர் கேட்டுக் கற்பார்கள், சிலர் படித்துக் கற்பார்கள், சிலர் செய்து கற்பார்கள், அவரவர் வகையைக் கண்டு அதன்படியே சொல்ல வேண்டும் என்பார்கள். நியூசிலாந்தைச் சேர்ந்த நீல் ஃப்ளெமிங் என்பவர் 1992-ல் இந்த நால்வகைப் பிரிவை வெளியிட்ட பிறகு இது உலகெங்கும் பரவியது.

ஆனால் 2008-ம் ஆண்டில் அமெரிக்க உளவியல் அறிஞர்கள் நால்வர் அதுவரை வந்த ஆராய்ச்சிகளை எல்லாம் அலசிப் பார்த்தார்கள். ஒருவரை இன்ன வகை என்று முத்திரை குத்தி அந்த வகையில் மட்டும் கற்பித்தால் நன்றாக வரும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று முடிவு சொன்னார்கள். ஒவ்வொருவருக்கும் விருப்பம் வேறு என்பது உண்மை. ஆனால் கற்பிக்கும் முறையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கற்கும் பொருள்தான்.

கடையில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். மிளகாய் வற்றல் காய்ந்திருக்கிறதா என்பதைக் காதால்தான் கற்க முடியும். கை நிறைய அள்ளிக் குலுக்கினால் விதை கலகலக்க வேண்டும். பருப்பில் பழையது கலந்திருக்கிறதா என்பதைக் கண்ணும் மூக்கும் சொல்லும். அரிசியில் ஈரம் உண்டா என்பதைப் பல்லில் கடித்தால் தெரியும். பில் போடுவது கண்ணும் விரலும் சேர்ந்த வேலை. கடன் கேட்டு வந்தவரிடம் மனம் நோகாமல் 'இப்போது முடியாது' என்று சொல்வதைப் பக்கத்தில் நின்று கேட்டுத்தான் பழக வேண்டும். ஆகவே ஆளைப் பார்த்து 'இவனுக்கு இது வராது' என்று பிரிக்காதீர்கள். வேலையைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுங்கள். முடிந்தவரை ஒரே செய்தியை ஒரு முறை காட்டி, ஒரு முறை சொல்லி, ஒரு முறை செய்யவையுங்கள்.

நான்கு படிகள்

வேலையில் இருப்பவருக்கு வேலையைக் கற்பிக்க ஒரு பழைய முறை இருக்கிறது. அமெரிக்காவில் சார்லஸ் ஆலன் என்பவர் 1919-ல் நூலாக எழுதினார். இரண்டாம் உலகப் போரின்போது தொழிற்சாலைகளுக்குப் புதிதாக வந்தவர்களை விரைவில் பழக்க அதையே பயன்படுத்தினார்கள். போருக்குப் பின் ஜப்பானியரும் அதை எடுத்துக்கொண்டார்கள். மளிகைக் கடைக்கு அது இப்படிப் பொருந்தும். பில் இயந்திரத்தில் ஒரு பொருளைப் பதிவதை எடுத்துக்கொள்வோம்.

1. ஆயத்தம். கூட்டம் இல்லாத நேரம் பாருங்கள். கற்பவரை இயந்திரத்துக்கு நேரே உட்கார வையுங்கள். எதிரில் நின்றால் எல்லாம் தலைகீழாகத் தெரியும். அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேளுங்கள்.

2. காட்டுதல். நிதானமாக ஒரு முறை செய்து காட்டுங்கள். அடுத்த முறை ஒவ்வொரு அடியிலும் நிறுத்தி, எங்கே தவறு வரும், ஏன் அப்படிச் செய்கிறோம் என்று சொல்லுங்கள். ஒரே நேரத்தில் ஐந்து அடிக்கு மேல் வேண்டாம்.

3. செய்யவைத்தல். இப்போது அவர் செய்யட்டும். நீங்கள் கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். இதுதான் கடினம். தவறாகத் தட்டினால் பறித்துச் செய்துவிடாமல், 'இப்போது என்ன தெரிகிறது?' என்று கேளுங்கள். பிறகு அவரே உங்களுக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல் விளக்கச் சொல்லுங்கள்.

4. தொடர்ந்து பார்த்தல். தனியே விடுங்கள். சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது என்று சொல்லி வையுங்கள். முதலில் அடிக்கடியும் பிறகு எப்போதாவதும் பாருங்கள்.

நம் கடைகளில் இரண்டாவது படியோடு நிறுத்திவிடுகிறோம். 'காட்டினேனே, தெரியாதா?' என்கிறோம். காட்டியது கற்பித்தது ஆகாது. அவர் தனியே செய்த பிறகுதான் பாடம் முடிந்தது.

மூத்தவர்க்குக் கற்பிக்கும்போது

பெரியவர்களிடம் அறிவுக் குறைவு இல்லை. மரியாதை போய்விடுமோ என்ற அச்சமே தடை. நாற்பது ஆண்டு கல்லாவில் அமர்ந்தவர் பேரனிடம் 'இதை எப்படித் திறப்பது?' என்று கேட்கக் கூச்சப்படுவார். எனவே வாடிக்கையாளர் முன்னால் திருத்தக் கூடாது. 'நைனா, இது சுலபம், சின்னப் பிள்ளைக்கே தெரியும்' என்ற பேச்சே வேண்டாம். சுலபமானது தமக்கு வரவில்லையே என்று அவர் மேலும் ஒதுங்குவார். 'நைனா, முதல் நாலு நாள் எனக்கும் குழம்பியது' என்றால் கையை நீட்டுவார்.

அவருக்குத் தெரிந்ததில் புதியதைக் கோத்துக் காட்டுங்கள். கைபேசியில் வரும் கணக்கைப் பற்று வரவு என்றே சொல்லுங்கள். எழுத்தைப் பெரிதாக்கி வையுங்கள். ஒரு நாளைக்கு ஒன்று போதும். அடிகளை அவர் கையாலேயே அவர் நோட்டில் எழுதட்டும்.

இதில் பணமும் பந்தயத்தில் இருக்கிறது. 2016-ல் யு.பி.ஐ. வந்த பிறகு கைபேசியில் பணம் வாங்காத கடை அரிது. ஏமாற்றுகிறவனும் கல்லாவில் பெரியவர் தனியாக இருக்கும் வேளை பார்த்தே வருகிறான். பணம் அனுப்பியதாக ஒரு படத்தைக் காட்டிவிட்டு இரண்டு சிப்பம் சரக்கோடு போய்விடுகிறான். பெரியவருக்கு இரண்டே வாக்கியம் கற்பியுங்கள். ஒன்று, எதிராளி காட்டும் படம் ரசீது ஆகாது. நம் சவுண்ட் பாக்ஸ் தொகையைச் சொன்னால் அல்லது நம் கணக்கில் ஏறினால்தான் பணம் வந்தது. இரண்டு, பணம் வாங்க ரகசிய எண் தேவையே இல்லை. எண்ணைக் கேட்டால் பணம் நம்மிடமிருந்து போகிறது என்று பொருள். இதை வெறுமனே சொல்லி விடாமல், பேரன் ஒரு நாள் வாடிக்கையாளர்போல் வந்து பொய்ப் படம் காட்டி நடித்துப் பார்க்கட்டும். ஒரு முறை சிரித்துக்கொண்டே கற்றது, நிஜமாக வரும்போது கைகொடுக்கும்.

இளையவர்க்குக் கற்பிக்கும்போது

இளைஞன் இயந்திரத்தை நம்மைவிட விரைவாகக் கற்பான். அவனுக்குத் தெரியாதது சரக்கும் மனிதரும். 'சொன்னதைச் செய்' என்றால் செய்வான், ஆனால் நிலைக்க மாட்டான். காரணத்தைச் சொன்னால் நிலைப்பான். பழைய மூட்டையை ஏன் முன்னால் வைக்க வேண்டும், மூட்டையை ஏன் சுவரோடு ஒட்டி அடுக்கக் கூடாது என்று காரணத்தோடு சொல்லுங்கள். சுவரின் ஈரம் சாக்கில் ஏறும், பூச்சி வரும், பத்துக் கிலோ போகும் என்று கணக்காகச் சொன்னால் அவனுக்குப் புரியும்.

முழு வேலை ஒன்றை அவன் பொறுப்பில் விடுங்கள். பருப்பு வரிசை முழுவதும் அவனுடையது என்றால் கற்க வேண்டிய அவசியம் தானே வரும். அவன் கைபேசியைத் திட்டாமல் பயன்படுத்துங்கள். பெரியவர் மல்லியின் ரகம் பிரிப்பதை அவன் படம் பிடித்து வைத்தால், அடுத்து வரும் பையனுக்கும் அதுவே பாடம்.

மிகச் சிறந்த வழி மாற்றுப் பாடம். காலையில் பேரன் பெரியவருக்குக் கைபேசியில் ஒன்று. மாலையில் பெரியவர் பேரனுக்குச் சரக்கில் ஒன்று. இருவரும் ஆசிரியர், இருவரும் மாணவர். அதில் யாருக்கும் மரியாதை குறையாது.

வேற்று மொழிக்காரர்

நம் பக்கம் தமிழும் தெலுங்கும் கலந்தே பேசுகிறோம். கும்மிடிப்பூண்டிச் சிப்காட் பக்கத்து வணிகர்களுக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த ஆட்கள் ஊழியராகவும் இருக்கிறார்கள், வாடிக்கையாளராகவும் இருக்கிறார்கள். மொழி தெரியாதவரை மூளை இல்லாதவர்போல் உரக்கக் கத்திப் பேசுவது பயன் தராது. மாதிரிச் சரக்கைச் சிறு டப்பாவில் வைத்து, அதே நிற அட்டையை மூட்டையிலும் கட்டுங்கள். எண்களைப் பெரிதாக எழுதுங்கள். செய்து காட்டிச் செய்யவையுங்கள். அவரிடம் பத்துப் பொருளின் பெயரை அவர் மொழியில் கேட்டு நாமும் கற்றால், நம் வாடிக்கை பெருகும்.

மறதிக்கு மருந்து

ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ் 1885-ம் ஆண்டில் தம்மையே சோதித்து எழுதினார். கற்றதில் பெரும் பகுதி முதல் நாளிலேயே மறந்து போகிறது, மீதி மெல்ல மறக்கிறது என்று கண்டார். இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் நிலைக்கும் என்பதும் அவர் கண்டதே. 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் ஆகிய இருவர் செய்த சோதனையில், திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, பார்க்காமல் நினைவிலிருந்து சொல்லிப் பார்த்தவர்களுக்கே சில நாள் கழித்தும் அதிகம் நினைவிருந்தது.

ஆகவே ஒரே நாளில் இரண்டு மணி நேரம் பாடம் எடுப்பதைவிட, கடை திறந்ததும் பத்து நிமிடம் போதும். இன்று கற்பித்ததை நாளை கேளுங்கள், நான்காம் நாள் கேளுங்கள், அடுத்த வாரம் கேளுங்கள். அதட்டிக் கேட்க வேண்டாம். 'தம்பி, நேற்றுப் பார்த்தோமே, எப்படி?' என்றால் போதும்.

ஓர் உதாரணம்

2025 செப்டம்பர் 22-ம் தேதி ஜி.எஸ்.டி. விகிதங்கள் பல மாறின. குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலை எண்ணெய், பிஸ்கட் ஆகியவை 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு வந்தன. நெய், வெண்ணெய் 12-லிருந்து 5-க்கு வந்தன. இத்தகைய நாளில் ஒரு கடை எப்படிக் கற்பிக்கலாம்? முழுப் பட்டியலையும் வாசிக்காதீர்கள். உங்கள் கடையில் அதிகம் போகும் இருபது பொருளை மட்டும் எடுங்கள். பழைய வரி, புதிய வரி என்று இரண்டு பத்தி போட்டுக் கல்லா அருகே ஒட்டுங்கள். வரி நீங்கலாக 100 ரூபாய் உள்ள சோப்பு முன்பு 118, இப்போது 105 என்று ஒரு கணக்கை எல்லோரும் தாமே போட்டுப் பார்க்கட்டும். வாடிக்கையாளர் 'ஏன் இன்னும் பழைய விலை?' என்று கேட்டால் என்ன பதில் என்று இருவரை நடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். 1957-ல் தொங்கிய மாற்று அட்டவணை இப்போதும் அதே வேலையைச் செய்கிறது.

உறுப்பினர்களுக்கு வீட்டுப் பாடம்

1. உங்கள் கடையில் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த வேலைகள் எவை? ஒரு தாளில் எழுதுங்கள். அவர் நாளை வராவிட்டால் எது நின்றுபோகும்?

2. அந்தப் பட்டியலில் ஒன்றை எடுத்து, ஐந்து அடிகளாகப் பிரித்து, நான்கு படி முறையில் இன்னொருவருக்குக் கற்பியுங்கள்.

3. உங்கள் கடையின் மூத்தவரிடம், 'எனக்கு நீங்கள் கற்பிக்க வேண்டியது என்ன?' என்று கேளுங்கள். இளையவரிடமும் அதே கேள்வியைக் கேளுங்கள்.

4. ஒரு வாரம் கழித்து, கற்றவரைத் தனியே விட்டுப் பாருங்கள். அவர் செய்தால் பாடம் முடிந்தது. செய்யாவிட்டால் குறை பெரும்பாலும் சொன்ன முறையில் இருக்கும். முறையை மாற்றி மீண்டும் சொல்லுங்கள்.

கடையும் சரக்கும் பத்திரத்தில் எழுதிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். தொழிலறிவைப் பத்திரம் போட முடியாது. அதை நாள்தோறும் சிறிது சிறிதாகக் கைமாற்றத்தான் வேண்டும். முதல் கேள்விக்கான தாளை இன்று இரவு கடை கட்டுவதற்கு முன் எழுதிவிடுங்கள்.